கேஸ் போட்டால் சரியாகிவிடுமா?

காரின் ஏசி முன்போல் குளிர்வதில்லை என்று எந்தக் கராஜில் போய்ச் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "கேஸ் குறைஞ்சிருக்கும். கேஸ் போட்டாச் சரி." மட்டக்களப்பிலும் இதே பதில், யாழ்ப்பாணத்திலும் இதே பதில். சென்னையில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் அங்கும் இதுதான் என்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவனுக்கு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் இயல்பாகவே ஒரு சந்தேகம் எழும். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒரு செய்தியை நாங்கள் அச்சில் ஏற்றுவதில்லை. யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எதைக் கொண்டு அளந்தது என்று கேட்போம். இந்தக் கேஸ் விவகாரத்திலும் அதையே கேட்கவேண்டியிருந்தது.

விவகாரம் என் மருமகனின் காரைப் பற்றியது. உன்னிச்சையில் வயல் செய்யும் என் அக்காவின் மகன் அவன். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்ட, வயதுக்கு வந்த பிள்ளைகள் உள்ளவர்களை விடவும் அதிகம் உழைத்துவிட்ட ஒரு கார். இத்தகைய கார்களை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள் என்று வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. தடை நீங்கிய பின்னரும் புதிய காரின் வரியைக் கேட்டால் மயக்கம் வரும். ஆகவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே எங்கள் பக்கத்து நியதி.

ஏசி என்பது சொகுசுதானே, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாமே என்பது அடுத்த கேள்வி. உன்னிச்சை வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில் இருக்கிறது. ஆயித்தியமலை, வவுணதீவு வழியாக வந்து, வலையிறவுப் பாலத்தைக் கடந்தால்தான் நகரம். மட்டக்களப்பு நகரத்தவர் குழாயில் பிடித்துக் குடிக்கும் நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து போய் வவுணதீவில் சுத்திகரிக்கப்படுவது. ஆனால் உன்னிச்சையில் வாழும் ஒருவர் இதய நோய்க்கு மருத்துவரைப் பார்க்கவேண்டுமென்றால் நீர் போன வழியே நகரத்துப் போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். என் அக்காவுக்கு எழுபது கடந்துவிட்டது. இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோர்க்காமலிருக்க நீரகற்றும் மாத்திரை எடுக்கிறார். இப்படிப்பட்டவர்கள் வெக்கையில் அதிக நேரம் இருக்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை ஒருபக்கம் நீரை எடுக்க, வியர்வை மறுபக்கம் எடுத்தால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும்.

வெயிலுக்கு முன்னரே புறப்பட்டு, வெயில் சாய்ந்த பின் திரும்பலாமே என்றால், அதற்கு யானை விடாது. படுவான்கரையில் பொழுது சாய்ந்த பின்னும் விடிவதற்கு முன்னும் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு பயணம் செய்ய எவரும் விரும்புவதில்லை. கிளினிக் முடிந்து மருந்து எடுத்து வெளியே வரும்போது நண்பகல் ஆகிவிடும். மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அந்த நண்பகல் எப்படியிருக்கும் என்பது எங்கள் ஊரவர்களுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கினால் முகத்தில் அடிப்பது காற்றல்ல, அடுப்பு. அதோடு கிரவல் தூசியும் சேர்ந்து வரும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடியை நெருங்கும்போது கண்ணாடியை இறக்குவதும், இரவானால் உள்விளக்கைப் போடுவதும் எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. அந்தக் காலத்தில் ஏசியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது கவலைப்பட ஒரு காரணம் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறது.

மருமகன் நகரத்தில் இரண்டு இடங்களில் கேஸ் போட்டிருந்தான். முதல்முறை ஒக்டோபரில். அதன்பின் நன்றாகக் குளிர்ந்தது என்றான். மார்ச்சில் மறுபடியும் குறைந்தது. மே மாதத்தில் வேறோர் இடத்தில் இரண்டாம்முறை போட்டான். அதன்பின் முன்னையதைவிட மோசம். ஓகஸ்டில் ஒருநாள் கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் அக்காவுக்குத் தலைசுற்றி, வவுணதீவில் காரை நிழலில் நிறுத்தி நீர் கொடுத்து ஆறவைத்த பின்னர்தான் மிச்சத் தூரம் வந்தார்கள். அடுத்த கிளினிக்குக்கு நான் போகவில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மருந்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். அங்கேதான் இது ஏசிப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மூன்றாம்முறை கேஸ் போடப் புறப்பட்ட மருமகனை மறித்து, "பொறு, முதலில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம்" என்றேன்.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். எஞ்சினோடு பெல்ற்றால் பிணைந்த கம்பிரசர் கேஸை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட கேஸ் கடுமையாகச் சூடேறி, றேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சருக்குள் போகிறது. அங்கே முன்னிருந்து வரும் காற்றில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் வடியைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையால் பீறிட்டு, டாஷ்போட்டின் உள்ளே இருக்கும் கூலிங் கொயிலில் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கார் உள்காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. காற்று குளிர்கிறது, காற்றிலிருந்த ஈரம் நீராகிக் காருக்கு அடியில் சொட்டுகிறது. கேஸ் மறுபடியும் கம்பிரசருக்குத் திரும்புகிறது.

இதில் கவனிக்கவேண்டிய விடயம், கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது. பெற்றோல்போல் எரிந்து முடிவதல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கவேண்டும். பழைய காரில் ரப்பர் குழாய்களாலும் கம்பிரசரின் தண்டு முத்திரையாலும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் போவது உண்டு. ஆனால் எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது என்றால், போடுவதற்கு முன் ஓட்டையைத் தேடவேண்டும். கசியும் இடத்தில் கேஸோடு கலந்த எண்ணெயும் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். சவர்க்கார நுரை தடவினால் குமிழி வரும். மருமகனின் காரில் இரண்டு இடத்திலும் யாரும் நுரை தடவிப் பார்க்கவில்லை. இருந்ததன்மேல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் அளக்கத் தொடங்கினோம். நகரத்தில் வாங்கிய சிறிய டிஜிற்றல் வெப்பமானி ஒன்று, ஊசிபோல் முனை உள்ளது. அதை டாஷ்போட்டின் நடுத் துவாரத்தில் செருகினோம். குளிரை முழுதாக வைத்து, விசிறியைக் கூட்டி, உட்காற்றே சுற்றும்படி நெம்பை நகர்த்தி, பத்து நிமிடம் விட்டோம். வெளியே நிழலில் 33 பாகை. ஓடும்போது துவாரத்தில் 14. குளக்கட்டருகே நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் 21 வரை ஏறியது. மறுபடியும் ஓட்டினால் இறங்கியது. பத்திரிகைக்காரன் மொழியில் சொன்னால் முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது: நிற்கும்போது கெடுகிறது, ஓடும்போது தேறுகிறது.

எப்போது கெடுகிறது என்பதே பாதி விடை. வாசகர்கள் தங்கள் காரிலும் இதைப் பார்க்கலாம். நிற்கும்போது மட்டும் குளிர் குறைந்தால் முதற் சந்தேகம் கொண்டென்சருக்குக் காற்றுப் போகவில்லை என்பது. அடுத்துத்தான் கம்பிரசர் தேய்வு, கேஸ் குறைவு. தொடக்கத்தில் நன்றாக இருந்து, அரைமணி நேரத்தில் துவாரத்துக் காற்றே மெலிந்து, சற்று நிறுத்திப் போட்டால் மறுபடியும் வந்தால், கூலிங் கொயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது என்று அர்த்தம். காற்று நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே குளிர் சடுதியாக நின்றால், பொனற்றைத் திறந்து கம்பிரசரின் முன்தட்டு சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். சூடேறியதும் கிளச் விட்டுவிடுவது பழைய கம்பிரசர்களின் வருத்தம். எப்போதுமே காற்று மெலிவு என்றால், தூசி அடைத்த வடியும் கூலிங் கொயிலும்தான். காற்று பலமாக வந்தும் எப்போதுமே குளிர் இல்லையென்றால், ஹீற்றர் பக்கத்தைப் பார்க்கவேண்டும். பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் ஹீற்றருக்குச் சுடுநீர் போவதைத் தடுக்கும் வால்வு ஒரு கம்பியால் இயங்குகிறது. கம்பி நழுவினால் ஒருபக்கம் குளிராக்கி மறுபக்கம் சூடாக்கும் வேடிக்கை நடக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹீற்றரை எவரும் தொடுவதில்லை என்பதால் இது பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே இருந்துவிடும்.

எங்கள் அடுத்த சோதனைக்கு ஒரு வாளி நீர் போதுமானதாக இருந்தது. காரை நிறுத்தி எஞ்சின் ஓட, முன்கிறில் வழியாகக் கொண்டென்சர்மேல் மெதுவாக நீரை ஊற்றினோம். துவாரத்தில் 21 ஆக இருந்தது மூன்று நான்கு நிமிடத்தில் 13 ஆக இறங்கியது. நீர் வற்றியதும் மறுபடியும் ஏறியது. அத்தோடு கேஸ் குறைவு என்ற கதை பலவீனமடைந்துவிட்டது. கேஸ் இல்லாத இயந்திரத்தில் வெளியே நீர் ஊற்றி உள்ளே குளிர் வரவைக்க முடியாது. வெப்பத்தை வெளியே கொட்டும் இடத்தில்தான் அடைப்பு.

உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் திருத்தும் ஓர் இளைஞரை மருமகன் அழைத்து வந்தான். ஏசிக்கென்று படித்தவரல்ல. வாளிக் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு கொப்பித் தாளைக் கிழித்துக் கிறிலுக்கு முன்னால் பிடித்தார். விசிறி சரியாக இழுத்தால் தாள் கிறிலில் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. பிறகு றேடியேற்றருக்கும் கொண்டென்சருக்கும் இடையே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், எங்கட வெட்டு மெசினுக்கும் இதே வருத்தம்தான். வயலுக்க இறங்கினா நாளுக்கு ரெண்டுதரம் றேடியேற்றரை ஊதோணும். இல்லாட்டி கொதிச்சிரும். உங்கட காரும் வயலுக்கதானே ஓடுது!"

உண்மைதான். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகம் ஓகஸ்டில். இரண்டு காலத்திலும் எங்கள் தெருக்களின் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில்தான் வாகனம் போகவேண்டும். பதரும் வைக்கோல் துகளும் சுணையும் காற்றோடு கிளம்பி, கொண்டென்சரின் சிறு இதழ்களின் ஊடாகப் புகுந்து, அதற்கும் றேடியேற்றருக்கும் இடையேயான இரண்டு விரல் இடைவெளியில் போய்ச் சேர்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் கொண்டென்சர் துப்புரவாகத் தெரியும். பின்புறம் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். இளைஞர் றேடியேற்றரின் மேற்கொளுவிகளைக் கழற்றி, ஏசிக் குழாய் எதையும் திறக்காமல், அதைச் சற்றுப் பின்னே சாய்த்தார். கையால் அள்ளியதே ஒரு சுளகு நிறைய வரும். மிச்சத்தைப் பின்புறமிருந்து முன்புறமாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவினார். சேவிஸ் நிலையத்து அழுத்தத் தாரை கூடாது, இதழ்கள் மடிந்துவிடும். மடிந்தவற்றைப் பழைய பற்தூரிகையால் நிமிர்த்தலாம்.

விசிறி மோட்டரிலும் குறை இருந்தது. உள்ளே இருக்கும் காபன் தேய்ந்துபோயிருந்ததால் அரைவேகத்தில்தான் சுழன்றது. சிலவேளை தட்டினால்தான் தொடங்கியது. காபனை மாற்றிப் பூட்டியதும் தாள் கிறிலில் ஒட்டிக்கொண்டது. துவாரத்தில் நிற்கும்போது 13, ஓடும்போது 11.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. துப்புரவான கொண்டென்சர், நல்ல விசிறி, இன்னும் ஏன் பத்துக்குக் கீழே இறங்கவில்லை? இரண்டுமுறை மேலதிகமாகப் போட்ட கேஸ் எங்கே போனது? கேஸை உறிஞ்சி எடுத்து நிறுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஓரிடத்தை நகரத்தில் தேடிப் போனோம். முதலில் இரண்டு மானிகளையும் பூட்டினார்கள். இந்த மானிகளை வாசிப்பது கடினமல்ல. ஆர்-134ஏ கேஸுக்கு எங்கள் வெப்பநிலையில், எஞ்சின் ஓடும்போது தாழ்பக்கம் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர்பக்கம் 200 முதல் 250 வரை என்பது பொதுவான கணக்கு. இரண்டும் குறைவென்றால் கேஸ் குறைவு. தாழ்பக்கம் கூடி உயர்பக்கம் குறைந்தால் கம்பிரசர் தேய்வு. இரண்டும் கூடினால் கேஸ் அதிகம், அல்லது கொண்டென்சருக்குக் காற்றில்லை, அல்லது உள்ளே வெறுங்காற்றுப் புகுந்திருக்கிறது. எங்களுக்கு இரண்டும் கூடியிருந்தன. உறிஞ்சி நிறுத்தபோது, பொனற்றின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் குறித்த அளவைவிடக் கால் கிலோவுக்கு மேல் அதிகம்.

இதன் அர்த்தத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். கேஸ் ஒருபோதும் கசியவே இல்லை. ஒக்டோபரில் போட்டதே தேவையற்றது. பின் அது எப்படி நன்றாகக் குளிர்ந்தது? ஒக்டோபருக்குப் பின் வந்தது மாரி. வெயில் தணிந்தது, மழைநீர் தினமும் கொண்டென்சரில் தெறித்தது. அன்றைக்கு வாளியால் நாங்கள் செய்ததை மாதக்கணக்கில் வானம் செய்திருக்கிறது. பெருமை கேஸுக்குப் போயிற்று. ஒன்றின்பின் ஒன்று நடந்தது என்பதற்காக முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதைச் செய்தி மேசையில் புதியவர்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன்.

மேலதிகக் கேஸை அந்த இடத்தில் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொண்டார்கள். இதையும் வற்புறுத்திக் கேட்கவேண்டும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய கார்களில் இருந்தது ஆர்-12. அத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974 இல் எழுதினார்கள். 1987 இல் மொன்றியலில் உடன்படிக்கையாயிற்று. இலங்கை 1989 இலேயே அதை ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. ஒரு காரின் கேஸ் முக்கால் கிலோ என்று வைத்தால், அதைத் திறந்துவிடுவது ஒரு தொன் கரியமில வாயுவைப் புகைத்ததற்குச் சமம். இதைக் குறைப்பதற்கான 2016 ஆம் ஆண்டுக் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018 இல் ஏற்றது. கச்சான் காலம் இன்னும் கொடியதாகக்கூடாது என்று விரும்புகிறவர்கள் கச்சானுக்குப் பயந்து போடும் கேஸைக் காற்றில் விடலாகாது.

மலிவு விலைக் கேஸ் விடயத்திலும் எச்சரிக்கை தேவை. 2011 இல் குளிர்க்கொள்கலன்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் மெதைல் குளோரைட் கலந்த போலிக் கேஸ் போடப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கார்க் கம்பிரசரும் அலுமினியம்தான். சிலர் சமையல் வாயுவைக்கூட அடிக்கிறார்கள். குளிரும், ஆனால் கசிந்தால் தீப்பிடிக்கும். பழைய ஆர்-12 காருக்கு வேறு கேஸ் போடுவதானால் எண்ணெயையும் வடியையும் முத்திரைகளையும் சேர்த்து மாற்றவேண்டும். வெறுமனே அடிப்பது கம்பிரசரைக் கொல்லும் வழி.

அரைமணி நேரம் வெற்றிடமாக்கி, சீட்டில் உள்ள அளவை நிறுத்துப் போட்டபின், நிற்கும்போது 10, ஓடும்போது 8. வாவியோரத்து ஈரக் காற்றில் இருபத்தைந்து வயதுக் காருக்கு இது மிக நல்ல கணக்கு. ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு ஈரத்தை நீராக்குவதிலும் போகிறது என்பதை மறக்கக்கூடாது. மொத்தச் செலவு மருமகன் இரண்டுமுறை கேஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அடுத்த கிளினிக்குக்கு அக்கா போனார். நண்பகலில் திரும்பி வரும்போது ஆயித்தியமலைக்குக் கிட்ட, "மகன், அதைக் கொஞ்சம் குறை, கால் விறைக்குது" என்றாராம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து, உறவினரின் பழைய காரிலோ வாடகைக் காரிலோ பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேஸ் போடச் சொல்லுமுன் ஒரு தாளைக் கிறிலில் பிடியுங்கள். ஒரு வெப்பமானியைத் துவாரத்தில் வையுங்கள். ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். பொனற் திறந்திருக்கும்போது விசிறி எந்த நேரமும் தானாகத் தொடங்கும், கையையும் சேலைத் தலைப்பையும் தூர வையுங்கள். குழாய்களை நீங்களாகக் கழற்றாதீர்கள், பீறிடும் கேஸ் கண்ணைக் குருடாக்கும். இவையெல்லாம் செய்தபின்னும் மெக்கானிக் கேஸ் குறைவு என்று சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே கசிந்தது? எவ்வளவு நிறை குறைந்திருக்கிறது? விடை சொல்பவரிடம் காரைக் கொடுங்கள். சொல்லாதவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். படுவான்கரையில் ஓடும் காரென்றால், ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒருதரம் டோர்ச் அடித்துப் பாருங்கள்.